பெரிய தொட்டிக்குப் போ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கொஞ்சம் நீளும். ஆய்வகத்திலிருந்து வந்த களைப்பில் படிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி வேலைக்குப் போ.

"எரிபொருள் செய்யத்தானே இத்தனை வருஷம் படித்தேன், இப்போது முகத்தில் பூசும் க்ரீமுக்கும் வாசனைக்கும் ஈஸ்ட் வளர்க்கப் போவதா" என்று கேட்டாய். கேட்கும்போதே உன் குரல் கம்மியது. ஆய்வகத்தில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு கிடைக்கும், அங்கேயே இருந்து இன்னொரு மரபணுவை மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னாய். எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்குச் சம்மதம்தான். ஆனால் என் கருத்தைக் கேட்டாய். சர்க்கரை ஆலையின் டிஸ்டிலரி லேபில் வேலைக்காலம் முழுவதையும் கழித்த கெமிஸ்டாக எனக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

எரிபொருளாகப் பயன்படக்கூடிய ஐசோபியூட்டனால் என்ற ஆல்கஹாலில் நீ ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது ஃபியூசல் ஆயில் நெடிதான். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகைக் கரைத்து, புளிக்கவைத்து, வாஷ் என்ற அந்தப் புளித்த கரைசலைக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் ஏற்றிக் காய்ச்சும்போது, ஸ்பிரிட் மேலே போகும், தண்ணீர் கீழே போகும், நடுத்தட்டுகளில் இந்த ஃபியூசல் ஆயில் தங்கும். அதை அங்கிருந்தே உருவி எடுத்து டிகேன்டரில் தண்ணீர் விட்டுப் பிரிப்போம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள் அடுக்கு நிற்கும். மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் தொண்டையைப் பிடிக்கும், இருமல் வரும், சட்டையில் ஒட்டினால் துவைத்தாலும் லேசில் போகாது. அதைச் சரியாக எடுக்காமல் விட்டால் ஸ்பிரிட்டின் தரம் கெடும். அதனால் ஷிப்டுக்கு ஷிப்ட் அதன்மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பங்கு ஐசோஅமைல் ஆல்கஹால். கூடவே நீ பிடித்துக்கொண்டிருக்கும் ஐசோபியூட்டனாலும் உண்டு.

அது எங்கிருந்து வருகிறது என்பதை நீ எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1907-லேயே ஃபெலிக்ஸ் எர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஃபியூசல் ஆயிலின் மூலத்தைச் சொல்லிவிட்டார். ஈஸ்ட் அமினோ அமிலங்களை எடுத்து நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, மிச்சத்தை ஆல்கஹாலாக மாற்றி வெளியே தள்ளுகிறது. லூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஐசோஅமைல், வேலின் என்பதிலிருந்து ஐசோபியூட்டனால். நைட்ரஜனுக்கான யூரியாவும் டிஏபி உரமும் சரியான அளவில் போடாத தொட்டியில் ஃபியூசல் ஆயில் ஏறுவதை எங்கள் ஆட்கள் எர்லிக் பெயரைக் கேள்விப்படாமலேயே அறிந்திருந்தார்கள்.

நூறு வருஷம் கழித்து, 2008 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லியாவோவும் அவருடன் அட்சுமி, ஹனாய் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையை நீதான் எனக்கு அச்செடுத்து அனுப்பினாய். அது இன்னும் என் மேசையில் இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அதைவிட நேர்த்தியான யோசனையை இந்தத் துறையில் நான் படித்ததில்லை. எந்த உயிரும் வளர வேலின் வேண்டும், அதனால் ஈ.கோலை பாக்டீரியாவும் அதைச் செய்துகொள்கிறது. அந்த வழியில் வேலினுக்கு ஒரு படி முன்னால் ஒரு கீட்டோ அமிலம் இருக்கிறது. அதை அமினோ அமிலமாக விடாமல் அந்த இடத்திலேயே திருப்பிவிட வேண்டும். பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதி, ஈஸ்டிலிருந்து இன்னொரு நொதி. முதலாவது கார்பன் டை ஆக்சைடை உரித்தெடுக்கிறது, இரண்டாவது ஆல்கஹாலாக முடித்துவைக்கிறது. ஈஸ்டில் தற்செயலாகத் துளித்துளியாகக் கசிந்ததை அவர்கள் ஈ.கோலையின் முழுநேர வேலையாக ஆக்கினார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம் வந்தது, கணக்குப்படி சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் வரக்கூடியதில் 86 சதவீதம்.

இதற்கெல்லாம் முன்னோடி 1991. அந்த வருஷம்தான் ஜேம்ஸ் பெய்லி சயன்ஸ் இதழில் வளர்சிதை மாற்றப் பொறியியல் என்று, செல்லின் உள்வேலையை நம் தேவைக்கு மாற்றியமைக்கும் ஒரு துறை வரப்போவதைப் பற்றி எழுதினார். அதே வருஷம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்க்ரமுக்கு அமெரிக்க அரசு கொடுத்த காப்புரிமையின் எண் 50,00,000. மெக்சிகோவின் புல்கே என்ற கள்ளிலும் ஆப்பிரிக்காவின் பனங்கள்ளிலும் இருக்கும் சைமோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து இரண்டு மரபணுக்களை எடுத்து ஈ.கோலைக்குள் வைத்து, அதை எத்தனால் செய்யவைத்தார். ஐம்பது லட்சமாவது காப்புரிமை ஒரு நுண்ணுயிருக்குப் போனது என்று நான் லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, இதையெல்லாம் உன்னிடமே ஏன் சொல்கிறேன் என்றால், நீ இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இந்தக் கதையின் இன்னொரு பாதியில் இருக்கிறது. ஆய்வகக் கண்ணாடி ஃபிளாஸ்கில் நன்றாகக் கொடுத்த உன் ஈஸ்ட், பெரிய கலனுக்குப் போனதும் கைவிட்டுவிட்டது என்றாய். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சரிகிறது என்றாய். அதற்கு மருந்தாக நீ தேடுவது இன்னொரு மரபணு. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார். குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் 1 மில்லி குப்பியில் இருக்கும் அதே அடர்த்தியில் 1 லட்சம் லிட்டர் தொட்டியை நிரப்பவேண்டும் என்றால் செல்கள் 10 கோடி மடங்கு பெருகவேண்டும். அதாவது ஏறக்குறைய 27 முறை இரட்டிப்பு. நீ உள்ளே வைத்த வழி அந்தச் செல்லுக்குச் சுமை. அது சாப்பிட்ட சர்க்கரையைத் தன் உடம்பாக்காமல் உனக்காகச் செலவழிக்கிறது. அந்த 27 தலைமுறையில் எங்கேயோ ஒரு செல் அந்தச் சுமையைத் தொலைத்துவிட்டால் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாக வளரும். நெல்லுக்குள் முளைத்த களை மாதிரி. முதல் பத்து நாள் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் வயலே அதுதான். உன் ஃபிளாஸ்க் சோதனை அந்தப் பத்து நாளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே எல்லாம் சரியாகத் தெரிகிறது.

இது ஒன்றுதானா? சூடு இருக்கிறது. ஃபிளாஸ்கின் சூடு கண்ணாடி வழியாகத் தானே போய்விடும். பெரிய தொட்டியில் புளிப்பின் சூடு உள்ளேயே தங்கும். சித்திரை, வைகாசியில் குளிர்விக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்போது வாஷை 33 டிகிரிக்குள் வைக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு டிகிரி தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். ஸ்லைடில் மெத்திலீன் புளூ விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். உயிருள்ள செல் நிறமில்லாமல் பளிச்சென்று இருக்கும், செத்த செல் நீலமாக மாறும். காலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த நீலம் சாயங்காலத்துக்குள் பாதி ஸ்லைடை நிரப்பிவிடும். அந்த ஈஸ்டின் மரபணுவில் எந்தக் குறையும் இல்லை, குறை கூலிங் டவரில் இருந்தது. உன் கலனில் மேலே காற்று அதிகம், கீழே குறைவு, சர்க்கரை விழும் இடத்தில் இனிப்பு அதிகம், தள்ளிப் போனால் பட்டினி. ஒரே தொட்டிக்குள் உன் செல் நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு வேறு ஊரில் இருக்கிறது. இதையெல்லாம் ஃபிளாஸ்க் உனக்குக் காட்டவே காட்டாது, எத்தனை வருஷம் அதன்முன் நின்றாலும்.

நீயே எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்கிறேன். லியாவோவின் வழியில் இரண்டு நொதிகள், செல்லுக்குள் எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளைக் கேட்கின்றன. காற்றில்லாமல் சர்க்கரையை உடைக்கும் செல்லிடம் இருப்பதோ அதன் இன்னொரு வகையான என்ஏடிஎச். ஆய்வகத்தில் காற்றை ஊதிச் சமாளித்துவிடலாம். பல லட்சம் லிட்டருக்குக் காற்று ஊதினால் மின்சாரக் கட்டணத்திலேயே லாபம் போய்விடும். அதனால் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஃபிரான்சஸ் அர்னால்டின் குழு, ஜீவோ கம்பெனியோடு சேர்ந்து, அந்த நொதிகளை என்ஏடிஎச் ஏற்கும்படி மாற்றியமைத்தது. 2011-ல் காற்றே இல்லாமல் கணக்குப்படியான முழு விளைச்சலைக் காட்டினார்கள். 2018-ல் நொதிகளை இப்படி வளர்த்தெடுக்கும் முறைக்காகத்தான் அந்த அம்மாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியை மாற்றவேண்டும் என்ற கேள்வி எங்கிருந்து பிறந்தது? தொட்டியின் செலவுக் கணக்கிலிருந்து. உன் துறையில் உருப்படியான கேள்விகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

அதே ஜீவோ கம்பெனியின் கதையையும் பார். மினசோட்டா மாநிலத்தில் லூவெர்ன் என்ற ஊரில் மக்காச்சோள எத்தனால் ஆலை ஒன்றை 2010-ல் வாங்கி, ஐசோபியூட்டனாலுக்கு மாற்றி, 2012-ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே அதை நிறுத்திவைத்து மறுபடி எத்தனாலுக்குப் போகவேண்டியதாயிற்று. வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்துவிட்டன. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எத்தனால் தொட்டிக்கு ஒரு காவல் உண்டு. வாஷில் ஆல்கஹால் 8, 9 சதவீதம் ஏறியதும் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும், ஈஸ்ட் மட்டும் தாங்கும். ஐசோபியூட்டனாலில் அந்த வசதி கிடையாது. 2 சதவீதத்தை எட்டும்போதே அதைச் செய்கிற உயிரே திணற ஆரம்பிக்கிறது. அதனால் உண்டாக உண்டாக வெளியே எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். எடுத்துக்கொண்டே இருந்தால் தொட்டி ஈஸ்டுக்கு மட்டுமா சுகமாக இருக்கும், வந்து புகும் லாக்டிக் பாக்டீரியாவுக்கும் சுகம்தான். எங்கள் தொட்டியிலும் புளிப்பு வேறு மாதிரி அடிக்கும், ஆவியாகும் அமிலம் (வாலடைல் ஆசிட்) ஏறும், அப்போதே தெரிந்துவிடும் விருந்தாளி வந்துவிட்டான் என்று. ஜீவோ அப்படியே விட்டுவிடவில்லை. மறுவருஷமே திரும்ப ஓட்டினார்கள். 2016-ல் ஐசோபியூட்டனாலிலிருந்து செய்த விமான எரிபொருளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஜூன் மாதமே அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் சியாட்டிலிலிருந்து அதைக் கலந்து பறந்தது. ஒரு புளிக்கும் தொட்டியிலிருந்து வந்த சரக்கில் விமானம் பறந்தது என்று செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது க்ரீமுக்கு வருகிறேன். நீ அதைக் கேவலமாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங் என்ன செய்தார்? மலேரியாவுக்கான ஆர்டெமிசினின் ஒரு செடியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. செடி விளைந்தால் மருந்து, விளையாவிட்டால் விலை எகிறும். அவர் குழு ஈஸ்டுக்குள் நடக்கும் மெவலோனேட் வழி என்ற வேதிமாற்றத் தொடரை முடுக்கிவிட்டு, 2006-ல் ஆர்டெமிசினிக் அமிலத்தை ஈஸ்டிலேயே வரவைத்தது. 2013-க்குள் அது லிட்டருக்கு 25 கிராம். அந்த வேலையிலிருந்து கிளம்பிய அமைரிஸ் கம்பெனி, அதே வழியில் கடைசிப் படியை மட்டும் மாற்றி ஃபார்னசீன் என்ற ஹைட்ரோகார்பனைச் செய்தது. அதை ஹைட்ரஜனோடு சேர்த்தால் டீசல். சாவ் பாலோ நகரப் பேருந்துகள் அதில் ஓடின. பிரேசிலில் ப்ரோடாஸ் என்ற ஊரில் கரும்பாலைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை, கரும்புப் பாகிலேயே ஈஸ்ட். நம் ஊர்க் காவிரிப் படுகையிலும் பவானிக் கரையிலும் நடக்கவேண்டியது அங்கே நடக்கிறது என்று அப்போது எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது.

டீசலின் விலையோடு அது மோதமுடியவில்லை. கச்சா எண்ணெய் 2014 பாதிவரை பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. எந்த நுண்ணுயிரால் அந்த வேகத்துக்கு மாறமுடியும்? ஆனால் அதே ஃபார்னசீனிலிருந்து ஸ்குவாலேன் வந்தது. முகக் க்ரீமில் போடும் அந்தப் பொருளுக்காகத்தான் ஆழ்கடல் சுறாக்களைப் பிடித்து ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். க்ரீமுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்க ஆள் இருக்கிறது, டீசலுக்கு லிட்டருக்கு அவ்வளவு கொடுக்க ஆள் இல்லை. அந்தக் காசில்தான் பெரிய தொட்டி ஓடியது, அந்தத் தொட்டி ஓடியதால்தான் ஃபார்னசீன் விலை இறங்கியது. 2023-ல் அமைரிஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது உனக்குத் தெரியும், அதைச் சொல்லித்தான் நீ பயப்படுகிறாய். கம்பெனி தடுமாறும். அங்கே லட்சக்கணக்கான லிட்டரில் ஈஸ்டை ஓட்டிப் பழகியவர்களின் கையில் இருக்கும் அறிவு அதோடு போய்விடாது. எங்கள் ஆலையிலும் ஓடாத சீசன்கள் உண்டு. அங்கே பழகிய ஃபிட்டர்களும் கெமிஸ்டுகளும் வேறு ஆலைக்குப் போய் அதை ஓடவைத்தார்கள்.

அதனால் க்ரீம் என்ற பெயரைப் பார்க்காதே. மருந்துக்கும் டீசலுக்கும் க்ரீமுக்கும் ஒரே வழி, ஒரே ஈஸ்ட், ஒரே மாதிரித் தொட்டி. நீ அங்கே கற்றுக்கொள்ளப்போவது அந்தத் தொட்டியை.

"எலக்ட்ரிக் கார் வந்துவிட்டது, இனி என் எரிபொருள் யாருக்கு" என்றும் கேட்டாய். காருக்கு வேண்டாம்தான். கண்டம் தாண்டும் விமானத்துக்கு பேட்டரி வைத்தால் பேட்டரியைத் தூக்கவே விமானம் போதாது. கப்பலும் அப்படி. இங்கே நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்துதான் வருகிறது. 2022-ல் 10 சதவீதம் எட்டினார்கள், 2025-க்குள் 20. மைலேஜ் குறைகிறது என்று ஊரே பேசுகிறது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். ஐசோபியூட்டனாலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கொஞ்சம் மேலே. எத்தனால் மாதிரி தண்ணீரை இழுத்துக்கொள்ளவும் செய்யாது. 2025 செப்டம்பரில் நிதின் கட்கரி சர்க்கரை ஆலைக்காரர்கள் கூட்டத்தில் பேசும்போது, டீசலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கும் முயற்சி பலிக்கவில்லை, ஐசோபியூட்டனால் கலப்பதைப் புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி அமைப்பு சோதித்துக்கொண்டிருக்கிறது என்றார். உன் பொருளின் பெயர் நம் ஊர்ச் செய்தித்தாளிலேயே வந்தது. நறுக்கி வைத்திருக்கிறேன். அதைச் செய்யப்போகும் ஆலைகளில் தொட்டியும் காய்ச்சி வடிக்கும் கோபுரமும் இருக்கும். ஐசோபியூட்டனாலைத் தொட்டியில் கட்டிக்காத்த ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

கரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரும்பில் வாழ்ந்தவன்தான் நான், ஆனாலும் எரிபொருளுக்காகக் கரும்பு பயிரிடுவதை நான் விரும்பவில்லை. வருஷம் முழுக்க நிலத்தில் நின்று தண்ணீர் குடிக்கும் பயிர் அது. தண்ணீர் இருக்கும் சீசனில் மகிழ்ச்சி, இல்லாத சீசனில் ஆலை வாசலில் வண்டியே நிற்காது. சாறு பிழிந்த சக்கையிலும் நெல் அறுத்த வைக்கோலிலும் இருக்கும் சர்க்கரைதான் நியாயமானது. அதில் கால்பங்குக்கு மேல் சைலோஸ் மாதிரி ஐந்து கார்பன் சர்க்கரைகள். நம் ஈஸ்ட் அதைத் தொடாது. பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ என்ற அம்மா 1990-களிலேயே சைலோஸைச் சாப்பிடும் ஈஸ்டை உருவாக்கினார். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க ஆலை கட்டி 2022 ஆகஸ்டில் திறந்தது, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்று திட்டம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எடுக்கக் கட்டிய பெரிய ஆலைகள் நின்றுபோனதையும் நாம் பார்த்தோம். வைக்கோலில் மண் வரும், கல் வரும், ஈரம் வரும். மரபணு வேலை முடிந்த பிறகும் அந்த மண்ணையும் கல்லையும் யாராவது சமாளித்தாக வேண்டும்.

கம்பெனியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சிலதைக் கேட்டுக்கொள். உன்னைத் தொழிற்சாலைப் பக்கம் விடுவார்களா, ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்காரவைப்பார்களா? தொட்டியின் அளவு என்ன? விதை ஈஸ்டை எத்தனை கட்டமாகப் பெருக்குகிறார்கள்? தொட்டி கெட்டுப்போனால் அந்த முடிவுகளை உன்னோடு பகிர்ந்துகொள்வார்களா? தோற்ற பேட்ச்சின் கணக்கை மறைக்கும் இடத்தில் கற்க ஒன்றும் இருக்காது. இரவு ஷிப்ட் உண்டா என்று கேள். உண்டு என்றால் முதல் ஆறு மாதம் இரவு ஷிப்ட்டையே கேட்டு வாங்கு. பெரியவர்கள் தூங்கப்போன பிறகுதான் தொட்டி தன் குணத்தைக் காட்டும். ஆபரேட்டர் என்ன சொல்கிறார் என்று கேள். உன் படிப்பு அவருக்குத் தெரியாது. ஆனால் பம்பின் சத்தம் மாறியதை உனக்கு முன்னால் அவர் கேட்டுவிடுவார். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள், கம்ப்யூட்டரில் ஏறாத விஷயங்களை அதில் எழுது. வாசனை, நுரையின் நிறம், கலனின் மேல்தட்டு தொட்டால் எப்படி இருந்தது, எல்லாம்.

லீவில் உன் ஐசோபியூட்டனால் ஈஸ்டைக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு வா. ஆய்வகத்தில் உன் மேற்பார்வையாளரிடம் பேசி, எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. மைனஸ் 80 டிகிரியில் அது வருஷக்கணக்கில் காத்திருக்கும். பெரிய தொட்டியைக் கற்றுக்கொண்டு நீ திரும்பி வரும்போது அதே ஈஸ்டிடம் வேறு கேள்வி கேட்பாய்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் நடக்கிறாள். சாமான் பார்சல் அனுப்பியிருக்கிறாள், பருப்புப்பொடியும் கருவேப்பிலைப்பொடியும் தனித்தனி டப்பாவில், ஒன்றோடொன்று கலந்துவிடாதே என்று சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தம்பி பி.டெக். பயோடெக் சேர்ந்திருக்கிறான், உன்னோடு ஒருநாள் வீடியோவில் பேசவேண்டுமாம், நேரம் இருக்கும்போது சொல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் கலனில் நுரை பொங்கினால் எதை விடுகிறீர்கள்? நாங்கள் டர்க்கி ரெட் ஆயில் விடுவோம், சொட்டுச் சொட்டாக, அதிகமானால் ஈஸ்டும் சுணங்கும். சிலிக்கோன் வகையை நீங்கள் விட்டால் அது பின்னால் ஐசோபியூட்டனாலைப் பிரிக்கும்போது இடைஞ்சல் செய்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா